2013-14 லா லிகா: அத்லெடிகோ பட்டத்தை ஜெயித்தது கேம்ப் நூவிலா, அதற்கு முன்பேயா?

சிவப்புவெள்ளை

ஸ்பெயின் கால்பந்து லீக்கான லா லிகாவில் எங்கள் அத்லெடிகோ மாட்ரிட் பட்டம் வாங்கிய 2013-14 சீசனைப் பற்றி யார் பேசினாலும் "அதிசயம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. உழைத்து வீடு கட்டியவனைப் பார்த்து "லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்பது போல இருக்கிறது. அதனால்தான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

முதலில் கணக்கு. 38 ஆட்டத்தில் 28 வெற்றி, 6 டிரா, 4 தோல்வி, 90 புள்ளி. பார்சிலோனாவுக்கும் ரியல் மாட்ரிடுக்கும் தலா 87. அடித்த கோலில் நாங்கள் ரொம்பப் பின்னால்: ரியல் 104, பார்சா 100, அத்லெடிகோ 77. வாங்கிய கோலைப் பாருங்கள், அத்லெடிகோ 26, பார்சா 33, ரியல் 38.

முந்தைய சீசனில் பார்சா 100 புள்ளியோடு பட்டம் வாங்கியது. நாங்கள் 76 புள்ளியோடு மூன்றாவது. அந்த 76-க்கே 28 கோல் அடித்துக் கொடுத்த ஃபல்காவை அடுத்த கோடையில் மொனாகோவுக்கு விற்றுவிட்டார்கள். பார்சா வேண்டாம் என்று அனுப்பிய டேவிட் வியா வந்தார், எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் 51 லட்சம் யூரோதான். கோல்கீப்பர் கோர்த்துவா செல்சியிடமிருந்து நாங்கள் கடனாக வாங்கி ஆடவைத்தவர். அன்றைக்கு ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டத்தின் டிவி உரிமையைத் தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தது. ரியலுக்கும் பார்சாவுக்கும் தலா சுமார் 140 மில்லியன் யூரோ, எங்களுக்கு சுமார் 42. 2004-இல் வலென்சியா ஜெயித்த பிறகு ஒன்பது சீசன் அந்த இருவரைத் தவிர வேறு யாருமே பட்டத்தைத் தொடவில்லை என்றால் காரணம் இதுதான்.

என் கட்சி இது. பட்டம் சீசனின் கடைசி நாளான மே 17-இல், பார்சாவின் மைதானமான கேம்ப் நூவில் ஜெயித்தது இல்லை. மார்ச் 8-இலிருந்து ஏப்ரல் 27 வரை ஜெயித்தது. செல்டா 2-0, எஸ்பான்யோல் 1-0, பெடிஸ் 2-0, கிரனாடா 1-0, பில்பாவ் 2-1, வில்லார்ரியல் 1-0, கெட்டாஃபே 2-0, எல்சே 2-0, வலென்சியா 1-0. வரிசையாக ஒன்பது வெற்றி, 27 புள்ளி. அடித்தது 14 கோல். வாங்கியது ஒன்றே ஒன்று, பில்பாவில் முனியாயின் போட்டது.

அந்த ஒன்பதை யாரும் பேசுவதில்லை. கடைசி நாளில் எங்கள் கோடின் தலையால் முட்டிய ஒரே ஒரு பந்தைத்தான் பேசுகிறார்கள்.

பார்சாபித்தன்

அண்ணே, மரியாதையாவே சொல்றேன், நீங்க அந்தப் பக்கத்துக் கணக்கை மட்டும் போடுறீங்க. அந்த வருஷம் பட்டத்தை நாங்க தவறவிட்டோம். வல்லடோலிட்ல 1-0 தோல்வி. அவங்க சீசன் முடிவுல கீழ் டிவிஷனுக்கே போனாங்க! கிரனாடால 1-0. ரியல் சோசியடாட்கிட்ட 3-1. சொந்த மைதானத்துல வலென்சியாகிட்ட 3-2. மே மாசம் கெட்டாஃபே கடைசி நேரத்துல கோல் போட்டு 2-2 ஆக்குனாங்க, அடுத்த வாரம் எல்சேல 0-0.

ரியலோட மோதுற கிளாசிகோ ரெண்டும் நாங்கதான் ஜெயிச்சோம். கேம்ப் நூல 2-1, அவங்க மைதானம் பெர்னபூல 4-3, மெஸ்ஸி ஹாட்ரிக். ரியலை ரெண்டு தடவை அடிச்ச டீம் வல்லடோலிட்ல தோத்தா அதுக்குப் பேர் என்ன?

காரணமும் இருக்கு. மெஸ்ஸி நவம்பர்ல அடிபட்டு ஜனவரிலதான் திரும்பி வந்தார். மார்ச்ல எங்க கோல்கீப்பர் வால்டெஸ் முழங்கால் போச்சு, மீதி சீசன் முழுக்க பின்டோ கோல்கீப்பர். தலைவர் ரொசெல் நெய்மார் ஒப்பந்தப் பிரச்சினைல ஜனவரில பதவி விலகினார். எல்லாத்துக்கும் மேல டிட்டோ. போன சீசன் 100 புள்ளி வாங்கிக் கொடுத்த கோச், உடம்பு முடியாம ஜூலைல விலகுனவர், ஏப்ரல் 25-ம் தேதி இறந்துட்டார். ரெண்டு நாள் கழிச்சு வில்லார்ரியல்ல ஆட்டம். 2-0 பின்தங்கி 3-2 ஜெயிச்சாங்க. அந்த ஆட்டத்தை என்னால இன்னைக்கும் கண்ணு கலங்காம பார்க்க முடியாது.

உங்க டீம் உழைக்கலன்னு நான் சொல்லவே இல்ல. எங்க கதவு திறந்து கிடந்துச்சு, நீங்க உள்ள வந்தீங்க. அவ்வளவுதான்.

வெள்ளைச்சட்டை

எங்க ரியலையும் சேர்த்துக்கோங்க. மே 4 வலென்சியாவோட 2-2. மே 7 வல்லடோலிட்ல 1-1, ரொனால்டோ பத்து நிமிஷம்கூட ஆடாம வெளிய வந்தார், 85-வது நிமிஷத்துல கோல் வாங்கினோம். மே 11 செல்டால 2-0 தோல்வி. ஒரே வாரத்துல மூணு ஆட்டம், ரெண்டு புள்ளி. எங்க கோச் அன்செலோட்டிக்கு மனசெல்லாம் லிஸ்பன்ல நடக்கப்போற சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல இருந்துச்சு. லா டெசிமா, அதாவது பத்தாவது ஐரோப்பியக் கோப்பை வேணும்னா இதைக் கொடுத்துதான் ஆகணும்னு நான் அப்பவே மனசைத் தேத்திக்கிட்டேன்.

கார்னர்கொடி

பார்சாபித்தன் தம்பி, கதவு திறந்து கிடந்தது என்றீர்கள். அந்தச் சீசனில் பார்சாவும் அத்லெடிகோவும் எத்தனை தடவை மோதின என்று எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டில் சூப்பர் கோப்பை 1-1, 0-0. லீக் ஆட்டம் அத்லெடிகோவின் மைதானமான கால்டெரோனில் 0-0. சாம்பியன்ஸ் லீக் காலிறுதி 1-1, பிறகு 1-0. கடைசி நாள் 1-1. மொத்தம் ஆறு ஆட்டம். பார்சா அதில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. நெய்மார் வெளி மைதானத்தில் போட்ட கோலால் சூப்பர் கோப்பை பார்சாவுக்குப் போனது, அவ்வளவுதான். வல்லடோலிடில் தோற்றது பார்சாவின் தவறு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆறு ஆட்டத்தில் ஒருமுறைகூட வழி கிடைக்காமல் போனது அத்லெடிகோவின் வேலை.

அந்த வேலை எப்படி நடந்தது என்று யாரும் விளக்குவதில்லை. "டிஃபென்ஸ் ஆடினார்கள்" என்று கடந்து போகிறார்கள்.

4-4-2. ஆனால் காகிதத்தில் பார்க்கும் 4-4-2 இல்லை. கோகேயும் அர்தா துரானும் பெயருக்குத்தான் விங். பந்து எதிராளியிடம் போன உடனே இரண்டு பேரும் உள்ளே நகர்ந்து கபி, தியாகோவோடு ஒட்டிக்கொள்வார்கள். நான்கு பேரும் ஒரு சின்ன அறைக்குள் நிற்பது போல நெருக்கமாக நிற்பார்கள். முன்னால் கோஸ்டாவும் வியாவும் நடுக்கோடு வரை இறங்கி வருவார்கள். நடுவில் பார்சாவின் சாவியோ இனியெஸ்டாவோ திரும்பிப் பார்க்க ஒரு முழம் இடம்கூட இருக்காது. வேறு வழியில்லாமல் பந்து ஓரத்துக்குப் போகும். ஓரத்திலிருந்து கிராஸ் வரும். அதற்குத்தான் காத்திருப்பார்கள், ஏனென்றால் உள்ளே நிற்பது கோடினும் மிராண்டாவும். உயரப் பந்தில் அந்த இரண்டு பேரைத் தாண்டி மெஸ்ஸியும் நெய்மாரும் என்ன செய்ய முடியும்?

இதை 90 நிமிடம் செய்ய நுரையீரல் வேண்டும். அதற்கு உடற்பயிற்சி கோச் ஒஸ்கார் ஒர்தேகா. செகோவியா பக்கம் லோஸ் ஆங்ஹெலெஸ் தே சான் ரஃபாயெல் என்ற மலைப்பாங்கான ஊரில்தான் சீசனுக்கு முந்தைய முகாம். அங்கே கோல்ஃப் மைதானச் சரிவில் மேல்நோக்கி ஓடவிடுவார். ஏப்ரலில் மற்ற டீம்கள் மூச்சு வாங்கும்போது இவர்கள் ஒன்பது ஆட்டம் வரிசையாக ஜெயித்தார்கள் என்றால், அதில் பாதி ஜூலை மாதம் அந்தச் சரிவில் நடந்த வேலை.

பந்து தங்களிடம் வந்தால்? ஃபிலிப்பே லூயிஸ் இடப்பக்கம் ஏறுவார், ஹுவான்ஃபிரான் வலப்பக்கம் ஏறுவார், கார்னரோ ஃப்ரீகிக்கோ வாங்குவார்கள். கபி அல்லது கோகே பந்தைத் தூக்குவார், கோடின், மிராண்டா, ராவுல் கார்சியா, கோஸ்டா என்று யாராவது ஒருவர் தலை கொடுப்பார். வில்லார்ரியலை ஜெயித்த கோல் ராவுல் கார்சியாவின் தலை. வலென்சியாவை ஜெயித்ததும் அதே தலை. கிரனாடாவை ஜெயித்தது கோஸ்டாவின் தலை.

புதுசு_18

அக்கா இதை நான் இப்பதான் முதல் தடவை படிக்கிறேன். 2014-ல எனக்கு எட்டு வயசு. கடைசி நாள்ல டிரா போதும்னு சொல்றாங்களே, ஏன்? மூணு புள்ளி முன்னாடி இருந்தா பார்சா ஜெயிச்சாலும் சமம்தானே, கோல் வித்தியாசம் பார்ப்பாங்களா?

கார்னர்கொடி

நல்ல கேள்வி. ஸ்பெயினில் புள்ளி சமமானால் மொத்தக் கோல் வித்தியாசம் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டு டீமும் மோதிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். கடைசி நாள் காலையில் அத்லெடிகோ 89, பார்சா 86. முதல் ஆட்டம் 0-0. பார்சா 1-0 ஜெயித்தாலே 89-க்கு 89, நேருக்கு நேர் பார்சா மேல், பட்டம் அவர்களுக்கு. 2006-07-இல் இதே விதியில்தான் பார்சாவும் ரியலும் 76 புள்ளியில் நின்று, பட்டம் ரியலுக்குப் போனது.

கடைசிமூணு

எல்லாரும் மேலேயே பார்க்கிறீங்க. நான் எப்பவும் அட்டவணையைக் கீழேயிருந்துதான் படிப்பேன். இந்தச் சீசன்ல மேலயும் கீழயும் ஒரே கயிறு. கேளுங்க.

அத்லெடிகோ தோத்த நாலு ஆட்டம்: எஸ்பான்யோல், அல்மெரியா, ஒசாசுனா, லெவான்டே. பெரிய டீம் ஒண்ணுகூட இல்ல. பிப்ரவரி 8 அல்மெரியால 2-0. கோர்த்துவா லீக்ல ஆடாத ஒரே ஆட்டம் அது. பதிலுக்கு நின்ன அரன்சுபியா 80-வது நிமிஷம் வெர்சாவோட ஃப்ரீகிக்கை விட்டார், கொஞ்ச நேரத்துல பெனால்டி கொடுத்து சிவப்பு அட்டையும் வாங்கிட்டார். மாத்து ஆள் இறக்க வாய்ப்பு தீர்ந்து போச்சு. கேப்டன் கபி கையுறை மாட்டிக்கிட்டு கோல் போஸ்ட்ல போய் நின்னார். வெர்சா அந்தப் பெனால்டியையும் போட்டுட்டார்.

அந்த மூணு புள்ளி அல்மெரியாவுக்கு என்ன செஞ்சுதுன்னு பாருங்க. சீசன் முடிவுல அல்மெரியா 40, ஒசாசுனா 39. அல்மெரியா பிழைச்சாங்க, ஒசாசுனா 14 வருஷத்துக்கப்புறம் கீழ இறங்கினாங்க. அதே ஒசாசுனாதான் பிப்ரவரி 23 அத்லெடிகோவை 3-0 அடிச்சவங்க, அந்த சீசன் லீக்ல அத்லெடிகோ வாங்கின மோசமான அடி அதுதான்.

மே 18, ஒசாசுனாவோட மைதானம் எல் சதார். பெடிஸோட கடைசி ஆட்டம். ஒசாசுனா சீக்கிரமே முதல் கோல் போட்டதும் ரசிகர்கள் முன்னாடி பாய, இரும்பு வேலி சரிஞ்சு ஆட்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் மைதானத்துக்குள்ள விழுந்தாங்க. நிறைய பேருக்கு அடி. ஆட்டம் அரைமணி நேரத்துக்கு மேல நின்னுச்சு. ஆட்டக்காரங்களே ஓடிப்போய்த் தூக்கிவிட்டாங்க. திரும்ப ஆடி 2-1 ஜெயிச்சாங்க. ஜெயிச்சும் இறங்கினாங்க, ஏன்னா ரயோல கெட்டாஃபே ஜெயிச்சுட்டாங்க, அல்மெரியா பில்பாவோட 0-0. முந்தின நாள் கேம்ப் நூல நடந்ததைப் பத்தி ஆயிரம் பக்கம் எழுதிட்டாங்க. எல் சதார்ல ஜெயிச்சுட்டு மைதானத்துல உட்கார்ந்து அழுதவங்களைப் பத்தி யாராச்சும் எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

வெள்ளைச்சட்டை

அல்மெரியா கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி கடைசிமூணு. ஒசாசுனாவைப் பத்தி நீங்களே தனி இழை போடுங்க, நான் கண்டிப்பா வந்து படிப்பேன்.

சிவப்புவெள்ளை

கடைசிமூணு, அந்த பிப்ரவரி மாதம் எங்களுக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பிப்ரவரி 1 காலையில் லூயிஸ் அரகோனேஸ் இறந்த செய்தி வந்தது. புதியவர்களுக்குச் சொல்கிறேன்: கால்டெரோன் மைதானம் 1966-இல் திறந்தபோது அங்கே முதல் கோல் போட்டவர் அவர். 1974 ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் பயர்னுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், 114-வது நிமிடத்தில் ஃப்ரீகிக் போட்டவர். 120-வது நிமிடத்தில் ஷ்வார்சன்பெக் தூரத்திலிருந்து அடித்த பந்து உள்ளே போய், மறு ஆட்டத்தில் 4-0 தோற்று, கோப்பை கைநழுவியது. 'எல் பூபாஸ்', அடிமேல் அடி வாங்குகிறவன் என்ற பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பல முறை எங்களுக்கு கோச், 2008-இல் ஸ்பெயினுக்கு யூரோ வாங்கித் தந்த கோச்.

அதே பிப்ரவரி 1 மாலையில்தான் பார்சா வலென்சியாவிடம் தோற்றது. மறுநாள் கால்டெரோனில் ரியல் சோசியடாட். முதல் கோல் போட்டவர் டேவிட் வியா. அரகோனேஸின் யூரோ 2008 அணியில் அதிகக் கோல் அடித்தவர் அவர். ஆட்டம் 4-0. அன்று இரவு அத்லெடிகோ தனியாக முதலிடம், 1996-க்குப் பிறகு முதல் தடவை. அந்த 1996 அணியில் லீக்கும் கோப்பையும் சேர்த்து ஜெயித்த நடுக்கள ஆட்டக்காரர் சிமியோனே, இப்போது எங்கள் கோச்சாகக் கோடுக்கு வெளியே கறுப்பு உடையில் நிற்கிறார்.

அதற்கு அடுத்த மூன்று வாரத்தில் அல்மெரியா, ஒசாசுனா தோல்வி. நடுவில் கோப்பை அரையிறுதியில் ரியலிடம் 3-0, 2-0. "அவ்வளவுதான், காற்று இறங்கிவிட்டது" என்று எல்லோரும் எழுதினார்கள். மார்ச் 2 ரியலோடு மாட்ரிட் டெர்பி 2-2. கோகே ஒன்று, கபி தூரத்திலிருந்து ஒன்று, 82-வது நிமிடத்தில் ரொனால்டோ சமன். அங்கிருந்துதான் நான் சொன்ன ஒன்பது ஆட்டம் ஆரம்பிக்கிறது. பார்சாபித்தன் தம்பி, கதவு திறந்திருந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரி கடைசியில் அந்தக் கதவுக்கு வெளியே தடுமாறி விழுந்து கிடந்தவர்கள் நாங்கள். எழுந்து நடந்து வந்தோம்.

கெட்டாஃபே ஆட்டத்தைப் பாருங்கள். 1-0 முன்னால் இருக்கிறோம். கோஸ்டா பெனால்டியைத் தவறவிட்டார். ஆட்டம் முடியப்போகும் நேரம் கோல் வாயில் வந்த பந்துக்கு முழு வேகத்தில் பாய்ந்து உள்ளே தள்ளுகிறார், நிற்க முடியாமல் காலோடு போஸ்டில் மோதுகிறார். கோல் கொண்டாட யாரும் ஓடவில்லை, எல்லோரும் அவரைச் சுற்றி மண்டியிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், இரண்டாவது கோலுக்கு.

பார்சாபித்தன்

அந்த கோலை நானும் பார்த்தேன் அண்ணே. பயந்துட்டேன்.

சரி, ஒன்பது ஆட்டத்தை ஏத்துக்கறேன். ஆனா கடைசி ரெண்டு வாரம்? லெவான்டேல 2-0 தோத்தீங்க. மே 11 சொந்த மைதானத்துல மலாகாவை ஜெயிச்சிருந்தா அன்னைக்கே பட்டம், 1-1. அந்த நேரத்துல நீங்களும் தடுமாறினீங்கல்ல?

சிவப்புவெள்ளை

தடுமாறினோம். லெவான்டே ஆட்டம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்சியை லண்டனில் 3-1 ஜெயித்த நான்காவது நாள். கால் கனத்துப் போயிருந்தது, ஃபிலிப்பே லூயிஸ் சொந்த கோல்.

மலாகா ஆட்டம் வேறு. ஆல்டர்வைரல்ட் தவறினால் ஒரு கோல் வாங்கினோம், அவரே கார்னரில் தலை கொடுத்துச் சமன் செய்தார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அட்ரியான் வளைத்து அடித்த பந்து மேல் மூலைக்குப் போகிறது. மொத்த கால்டெரோனும் எழுந்துவிட்டது. மலாகா கோல்கீப்பர் கபயேரோ பறந்து விரல் நுனியால் தட்டிவிட்டார். அந்தக் கை ஒரு அங்குலம் குட்டையாக இருந்திருந்தால் கேம்ப் நூவுக்கு நாங்கள் பட்டத்தோடு போயிருப்போம்.

கார்னர்கொடி

மே 17-ஐ நான் நேரலையில் பார்த்தேன், இங்கே இரவு ஒன்பதரை. பத்து வருடம் கழித்தும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கோல் இல்லை, பெஞ்ச். 16-வது நிமிடத்தில் கோஸ்டா தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். 23-வது நிமிடத்தில் அர்தாவும் வெளியே. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் பார்சாவின் அலெக்சிஸ் சான்செஸ் கோல்: மெஸ்ஸி மார்பில் வாங்கி விட்ட பந்து, பக்கவாட்டுக் கோணம், கோலே தெரியாத இடம், அங்கிருந்து கூரையைப் பிய்ப்பது போல ஒரு அடி. அதைவிடச் சிறந்த கோல் அந்தச் சீசனில் நான் பார்க்கவில்லை.

பட்டம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இடைவேளைக்குப் பின் நான்கு நிமிடம். வலப்பக்கக் கார்னர். கபி கையைத் தூக்கிவிட்டு அடிக்கிறார். கோடின் பின்னாலிருந்து ஓடி வருகிறார், கூட்டத்தில் எல்லோரும் குதித்து இறங்கும் நேரத்தில் அவர் இன்னும் மேலே இருக்கிறார். நெற்றி நடுவில் பட்டது. பின்டோவுக்கு எட்டவில்லை. நான் மேலே எழுதிய அதே கபி, அதே தலை. பயிற்சியில் நூறு முறை செய்த வேலையைத்தான் நூற்றியோராவது முறை அங்கே செய்தார்கள்.

இறுதி விசில் ஊதியதும் கேம்ப் நூ எழுந்து நின்று கை தட்டியது. தங்கள் பட்டத்தைத் தங்கள் மைதானத்திலேயே பறித்துக்கொண்டு போன அணிக்கு. பார்சாபித்தன் தம்பி, அந்தக் கைதட்டலுக்காக உங்கள் மக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பார்சாபித்தன்

நன்றிக்கா. அது எனக்கும் பெருமைதான்.

ஆனா 1-1-க்கு அப்புறம் மெஸ்ஸி போட்ட கோல். ஆஃப்சைடுன்னு கொடி தூக்கினாங்க. பந்து கடைசியா அத்லெடிகோ ஆள் கால்லதான் பட்டுச்சு. வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கிற விஏஆர் ஸ்பெயினுக்கு வந்தது 2018-லதான். அதை நான் விட மாட்டேன்.

வெள்ளைச்சட்டை

பந்து அத்லெடிகோ ஆள் மேல பட்டுச்சுங்கறதை நானும் ஒத்துக்கறேன் தம்பி, பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கேன். ஆனா வேகமா பார்க்கிற லைன்ஸ்மேனுக்கு அது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல.

ஒரு விஷயம் சொல்லணும். லிஸ்பன்ல கோடின் இன்னொரு தடவை தலையால போட்டு 93-வது நிமிஷம் வரைக்கும் அத்லெடிகோ முன்னாடி இருந்தாங்க. கோஸ்டா ஒன்பது நிமிஷத்துல வெளிய. ராமோஸ் சமன் பண்ணார், கூடுதல் நேரத்துல 4-1 ஆச்சு. நான் துள்ளிக் குதிச்சேன், மறைக்கல. அடுத்த நாள் காலைல 1974 பத்திப் படிச்சப்பதான் அவங்களுக்கு அது எப்படி வலிச்சிருக்கும்னு புரிஞ்சுது.

சிவப்புவெள்ளை

லிஸ்பனைப் பற்றி இந்த இழையில் நான் எழுதப் போவதில்லை.

கோடையில் கோஸ்டாவும் ஃபிலிப்பேயும் செல்சிக்குப் போனார்கள், கோர்த்துவாவும் அங்கேயே திரும்பினார், வியாவும் கிளம்பினார். அந்தப் பதினோரு பேர் மறுபடி ஒன்றாக ஆடவே இல்லை. டிவி உரிமையைச் சேர்த்து விற்கும் சட்டம் 2015 ஏப்ரலில் வந்தது. பட்டம் மறுபடி வந்தது 2020-21-இல்.

பார்சாபித்தன்

அண்ணே, ரெண்டு நாளா யோசிச்சேன். மெஸ்ஸி கோல் ஆஃப்சைடு இல்லன்னு நான் சாகற வரைக்கும் சொல்வேன். வல்லடோலிட் தோல்வியையும் மறக்க மாட்டேன். ஆனா அக்கா சொன்ன அந்த ஆறு ஆட்டம், ஆறுலயும் ஜெயிக்கல. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

புதுசு_18

அந்த ஆறுல ஒண்ணு மட்டும் முழுசா பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்? கடைசி நாள் ஆட்டமா?

சிவப்புவெள்ளை

இல்லை தம்பி. 2014 ஏப்ரல் 9, கால்டெரோன், காலிறுதி இரண்டாவது ஆட்டம். கோஸ்டா இல்லை, அர்தா இல்லை, இரண்டு பேருக்கும் அடி. ஐந்தாவது நிமிடத்தில் கோகே கோல். முதல் இருபது நிமிடத்துக்குள் மூன்று முறை பந்து போஸ்டிலும் பாரிலும் பட்டுத் திரும்பியது. அந்த இருபது நிமிடத்தை மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். சத்தத்தை அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள்.